வீடு தேடி வந்த புத்தகம்

மன்னார்குடி மாட்டு வண்டியும் ஜப்பான் நாட்டு "சூரியகாந்தி" வண்டியும் சொல்லும் கதை

மதிலுக்குப் பெயர் போன ஊர் விரிஞ்சிபுரம்.

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். இங்கே கோவில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர். தமிழில் சொன்னால் வழித்துணைநாதர்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. மிளகு மூட்டைகளோடு ஒரு வியாபாரி இந்த வழியாகப் போனார். காட்டுப் பாதை, திருடர் பயம். "சாமி, நீதான் துணை!" என்று வேண்டிக்கொண்டார். சிவபெருமான் ஒரு வீரனைப் போல வேடம் பூண்டு, அவருக்குத் துணையாகக் கூடவே போனாராம்.

கோவிலில் இருந்த சாமி பக்தனைத் தேடிப் பாதைக்கு வந்தார் என்பது புராணம்.

அலமாரியில் இருந்த புத்தகம் படிப்பவரைத் தேடித் தெருவுக்கு வந்தது சரித்திரம்!

தமிழ்நாட்டில் அந்தச் சரித்திரம் நடந்த ஊரும் மதிலுக்குப் பெயர் போன ஊர்தான். அது மன்னார்குடி.

வண்டியில் ஏறிய நூலகம்

1931ஆம் ஆண்டு, அக்டோபர் 21ந் தேதி. மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டியில் நெல் மூட்டை இல்லை, வைக்கோலும் இல்லை. வண்டி நிறையப் புத்தகங்கள்!

மேலவாசல் ஊரைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை அந்த வண்டியை ஏற்பாடு செய்தார். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வண்டி போகும். ஊருக்குள் வந்து நிற்கும். விருப்பமானவர்கள் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொள்ளலாம். வண்டி மறுபடி வரும்போது அதைக் கொடுத்துவிட்டு, வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 100 பேரில் 10 பேருக்குக் கூட எழுதப் படிக்கத் தெரியாது. அப்படி எழுத்துத் தெரிந்த சிலருக்கும் கிராமத்தில் படிக்க ஒன்றும் கிடையாது.

இரண்டாம் வகுப்போ, மூன்றாம் வகுப்போ படித்துவிட்டு ஒரு பையன் மாடு மேய்க்கப் போகிறான். கையில் புத்தகமே படாமல் பத்து ஆண்டு கழிகிறது. பிறகு அவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறான். படித்த படிப்பு போயே போய்விட்டது!

உழாத நிலம் புல் மண்டிப் போகிறது. படிக்காத கண்ணும் அப்படித்தான். பள்ளிக்கூடம் எழுத்தைக் கொடுக்கிறது. அந்த எழுத்து மறந்து போகாமல் காப்பாற்றுவது புத்தகம். அதனால்தான் மன்னார்குடியில் புத்தகம் வண்டி ஏறியது.

கணக்கு வாத்தியார் செய்த கணக்கு

அந்த நாளில் தமிழ்நாட்டில் நூலகத்துக்காக ஓயாமல் பாடுபட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சீ. இரா. ரங்கநாதன். 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் நூலகராக நியமித்தது. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்குச் சலித்துப் போயிற்று. வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆள் வராத புத்தக அறை பிடிக்குமா? "எனக்குப் பழைய வேலையே போதும்" என்று கல்லூரிக்குத் திரும்பி வரக் கேட்டார்.

"முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். பிறகு பார்க்கலாம்" என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

போனவர் கண் திறந்து வந்தார். அங்கே நூலகத்துக்குக் கடைக்காரர் வருகிறார், தொழிலாளி வருகிறார், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் வருகிறாள். நம் ஊரிலும் இப்படி ஏன் நடக்கக் கூடாது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

லண்டனில் ஒரு கடையில் விளையாட்டுச் சாமான் ஒன்றைப் பார்த்தார். சில இரும்புப் பட்டைகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு சமயம் வண்டி, ஒரு சமயம் பாலம்! புத்தகங்களை வகை பிரிக்கவும் இதே வழி உதவும் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து அவர் உண்டாக்கிய "கோலன் பகுப்பு முறை" 1933ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. உலகம் எங்கும் நூலகத் துறையினர் அதைப் படித்தார்கள்.

1925ஆம் ஆண்டு சென்னை திரும்பியவர், கல்லூரி வகுப்புக்குப் போகவில்லை. 1944 வரை அந்த நூலகத்தையே பெரிய பள்ளிக்கூடமாக நடத்தினார். 1928ஆம் ஆண்டு சென்னையில் நூலகச் சங்கம் தோன்றவும் அவரே காரணம். பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை, நூலகப் படிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972ஆம் ஆண்டு பெங்களூரில் காலமானார்.

ஐந்து விதிகள்

மன்னார்குடி வண்டி ஓடிய அதே 1931ஆம் ஆண்டில் ரங்கநாதன் ஒரு நூல் வெளியிட்டார். அதில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னார். ஐந்தும் குழந்தைக்கும் புரியும்.

முதல் விதி: புத்தகம் பயன்படுத்துவதற்கே. பூட்டி வைப்பதற்கு அல்ல. பழைய காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்தார்கள். அந்தச் சங்கிலியை அறுப்பதுதான் முதல் விதி.

இரண்டாம் விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம். ஆம்பூரில் உருதுப் புத்தகம் கேட்கும் பாட்டியும் வாசகர். தையல் கற்கும் பெண்ணும் வாசகர். படக்கதை கேட்கும் பிள்ளையும் வாசகர். எல்லாருக்கும் ஏற்ற புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாம் விதி: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர். தூசி படிந்து கிடக்கும் புத்தகத்துக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான்காம் விதி: வாசகரின் நேரத்தை வீணாக்காதே. வேலைக்குப் போகிறவர் ஒரு புத்தகத்துக்காக அரை நாள் காத்திருக்க முடியுமா?

ஐந்தாம் விதி: நூலகம் வளர்கின்ற உயிர். குழந்தை வளர வளரச் சட்டையைப் பெரிதாக்குவது போல, நூலகத்துக்கும் புதிய புத்தகம், புதிய இடம், புதிய ஆள் வேண்டும்.

ஜப்பானில் முதுகுச் சுமை

தமிழ்நாட்டில் புத்தகத்தை மாடு இழுத்தது. ஜப்பானில் மனிதர்கள் முதுகில் சுமந்தார்கள்!

இன்றைய டோக்கியோ நகருக்கு அன்று எடோ என்று பெயர். அங்கே புத்தகத்தை வாடகைக்கு விடும் வியாபாரிகள் இருந்தார்கள். 1808ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஊரில் 650 பேருக்கு மேல் இந்தத் தொழில் செய்தார்கள். நம் ஊரில் புடவை வியாபாரி மூட்டையோடு வீடு வீடாகப் போவதில்லையா? அதே மாதிரி அவர்கள் புத்தக மூட்டையோடு போனார்கள். கதைப் புத்தகம் என்றால் வீட்டில் உள்ளவர்கள் எல்லாருக்கும் கொண்டாட்டம்.

பிறகு காலம் மாறியது. ஜப்பானியர் மேல்நாடுகளுக்குப் போய் வந்தார்கள். பெரிய நூலகங்களைப் பார்த்தார்கள். 1872ஆம் ஆண்டு டோக்கியோவில் அரசாங்கம் ஒரு நூலகம் திறந்தது. 1899ஆம் ஆண்டு நூலகங்களுக்கென்று ஓர் அரசு ஆணையும் வந்தது. ஆனால் அந்த ஆணை, படிக்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்று அனுமதித்தது.

புத்தகம் இருந்தது, கட்டடம் இருந்தது, வாசலில் காசு கேட்டார்கள். ஏழைக்கு அது மூடிய கதவுதான்.

குண்டு மழையில் தப்பிய புத்தகம்

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. டோக்கியோ மேல் விமானங்கள் குண்டு வீசின. அந்த நகரின் நடுவே இருந்த ஹிபியா நூலகத்தில் லட்சக்கணக்கான புத்தகங்கள் இருந்தன. என்ன செய்வது?

1944, 1945ஆம் ஆண்டுகளில் அங்குள்ளவர்கள் புத்தகங்களைக் கிராமத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். மாணவர்கள் முதுகுப் பையில் புத்தகத்தைச் சுமந்தார்கள். பெரிய கை வண்டியில் ஏற்றி இழுத்தார்கள். தூரத்துக் கிராமங்களில் குடியானவர்களின் களஞ்சியங்களில் கொண்டு போய் வைத்தார்கள். இப்படிச் சுமார் 4 லட்சம் புத்தகங்கள் தப்பின!

1945ஆம் ஆண்டு மே மாதம் ஹிபியா நூலகம் எரிந்தது. கொண்டு போக முடியாமல் மிஞ்சியிருந்த புத்தகங்கள் சாம்பலாயின. தப்பியவை எல்லாம் யாரோ ஒருவர் தோளில் சுமந்தவை.

இரண்டு சட்டங்கள்

யுத்தம் முடிந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது. இரண்டு நாடுகளும் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கின.

எல்லாருக்கும் நூலகம் வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் நெடுநாளாகச் சொல்லி வந்தார். 1930ஆம் ஆண்டு காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதிக் காட்டினார். அது நிறைவேற 18 ஆண்டு ஆயிற்று. 1948ஆம் ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுதான்!

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி அது அமுலுக்கு வந்தது. 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம், அன்று முதல் மாநில மைய நூலகம் ஆயிற்று.

அதே 1950ஆம் ஆண்டு, அதே ஏப்ரல் மாதம் 30ந் தேதி, ஜப்பானிலும் நூலகச் சட்டம் வந்தது! ஆண்டுதோறும் அந்த நாளை அவர்கள் நூலக நாளாக நினைவு கூர்கிறார்கள்.

ஒரே மாதத்தில் அமைந்த இந்த இரண்டு சட்டங்களும் இரண்டு வழியில் போயின.

ஜப்பான் சட்டம், "பொது நூலகத்தில் யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது" என்று கட்டளை இட்டது. 1899இல் திறந்த பணப் பெட்டியை 1950இல் மூடிவிட்டார்கள்.

சென்னைச் சட்டம் வேறு ஒன்று செய்தது. நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்தது. இப்பொழுது அது வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி 500 ரூபாய் என்றால், நூலக வரி 50 ரூபாய்.

கட்டடம் இல்லாத நூலகம்

சட்டம் வந்ததும் ஜப்பானில் எல்லாரும் புத்தகம் படித்தார்களா? இல்லை. பல ஊர்களில் நூலகம் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் அறையாகவே இருந்தது. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகிறவர்கள் குறைவு.

டோக்கியோவுக்கு மேற்கே ஹினோ என்று ஓர் ஊர். அங்கே நூலகம் அமைக்கும் பொறுப்பு மாயேகாவா சுனேயோ என்பவரிடம் வந்தது. ரங்கநாதனைப் போலவே இவரும் பிரிட்டன் போய் நூலகங்களைப் பார்த்து வந்தவர்.

நூலகம் என்றால் முதலில் என்ன செய்வார்கள்? இடம் பார்ப்பார்கள், கட்டடம் கட்டுவார்கள், திறப்பு விழா நடத்துவார்கள். மாயேகாவா அதைச் செய்யவில்லை. ஒரு மோட்டார் வண்டி வாங்கினார். அதில் புத்தகத்தை அடுக்கினார். வண்டிக்குச் "சூரியகாந்தி" என்று பெயர் வைத்தார்.

1965ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வண்டி தெருவுக்கு வந்தது. ஹினோ நகர நூலகம் என்றால் அப்பொழுது அந்த வண்டிதான்! பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கேட்ட புத்தகம் இல்லை என்றால், எப்படியாவது தேடிக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு குழந்தைகளுக்கு ஒரு நூலகம் வேண்டியிருந்தது. அதற்கும் கட்டடம் கட்டவில்லை. ஓட்டம் நின்று போன ஒரு டிராம் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். சென்னையில் 1953ஆம் ஆண்டு வரை ஓடியதே, அந்த மாதிரி டிராம். அதற்குள் உட்கார்ந்து குழந்தைகள் படித்தார்கள். எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

ஹினோவின் பெரிய நூலகக் கட்டடம் 1973ஆம் ஆண்டில்தான் திறந்தது. அதற்குள் மக்கள் படிக்கப் பழகிவிட்டார்கள். கட்டடம் கேட்டு அவர்களே குரல் கொடுக்கும் நிலை வந்துவிட்டது. மற்ற ஊர்களும் ஹினோவைப் பார்த்து நடந்தன.

மன்னார்குடி மாட்டு வண்டி செய்ததை, 34 ஆண்டுக்குப் பிறகு ஹினோ மோட்டார் வண்டி செய்தது!

தாய் கேட்க, பிள்ளை படிக்க

ஜப்பானின் தெற்குப் பக்கத்தில் ககோஷிமா என்று ஒரு மாகாணம். அங்கே நூலகத் தலைவராக இருந்தவர் முகு ஹாதோஜு. பிள்ளைகளுக்கு மிருகக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர்.

1960ஆம் ஆண்டு அவர் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தினமும் 20 நிமிடம், பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும்; தாய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவ்வளவுதான்!

தாய் படித்தவளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடம் சொல்லித் தர வேண்டாம். கேள்வி கேட்க வேண்டாம். காது கொடுத்தால் போதும். துணி தைத்துக்கொண்டே கேட்கலாம். ககோஷிமாவில் தொடங்கிய இந்த வழக்கம் ஜப்பானின் பல ஊர்களுக்கும் பரவியது.

இப்படிச் சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்துதான் ஜப்பானைப் படிக்கிற நாடாக ஆக்கின. 2010ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டுப் பொது நூலகங்களில் மக்கள் ஓர் ஆண்டில் 70 கோடிப் புத்தகங்களுக்கு மேல் இரவல் வாங்கினார்கள். மக்கள் தொகை சுமார் 13 கோடி. தலைக்கு ஐந்து புத்தகத்துக்கு மேல்!

நமக்கு என்ன குறை?

இங்கே ஓர் ஆச்சரியமான செய்தி. ஜப்பானில் உள்ள பொது நூலகங்கள் சுமார் 3,300. தமிழ்நாட்டில் உள்ளவை 4,600க்கு மேல்! மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று ஊர் ஊராக இருக்கின்றன. சென்னையில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன.

எண்ணிக்கையில் நாம் குறைந்தவர்கள் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். நூலகமும் இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது. அப்படியானால் இடையில் நிற்பது எது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். தோல் பதனிடும் தொழிலிலும் ஷூ கம்பெனியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். பெண்கள் ஏராளம். விடிந்ததும் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி வண்டி ஏறுகிற பெண், பொழுது சாய்ந்து வீடு வருகிறாள். வந்ததும் அடுப்பு, பிறகு பாத்திரம். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கோ எழுந்திருக்கவே நேரம் இல்லை. இவர்கள் எந்த நேரத்தில் நூலகம் போவது?

நான்காம் விதியை இங்கேதான் நினைக்க வேண்டும். வாசகருக்கு நேரம் இல்லை என்றால், புத்தகம்தான் நடக்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு "நூலக நண்பர்கள்" என்ற திட்டத்தை அறிவித்தது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், ஊனமுற்றவர்கள், பெண்கள் ஆகியோரின் வீட்டுக்குத் தன்னார்வத் தொண்டர்கள் புத்தகம் கொண்டு போய்க் கொடுப்பது அந்தத் திட்டம். மாட்டு வண்டியின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்குகிறார்கள். சொந்தக் காசு கொடுத்து வாங்கிய பொருளை யாராவது கடையிலேயே விட்டுவிட்டு வருவார்களா?

பக்கத்தில் உள்ள நூலகம் எது, எந்த நேரம் திறக்கும் என்று விசாரியுங்கள். முகவரி காட்ட ஒரு அத்தாட்சி, சிறிய டெபாசிட், ஆண்டுச் சந்தா: இவ்வளவு இருந்தால் உறுப்பினர் ஆகிவிடலாம். வீட்டில் ஒருவர் உறுப்பினர் ஆனால், அவர் கொண்டு வரும் புத்தகம் வீடு முழுவதற்கும் ஆகும். வேண்டிய புத்தகம் இல்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

வேலைக்குப் போகிற தாயால் முடியாவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை புத்தகத்தைக் கொண்டு வரட்டும். இரவு அடுப்படியில் வேலை நடக்கும்போது, அந்தப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். அம்மா கேட்கட்டும், பாட்டியும் கேட்கட்டும்.

ககோஷிமாவில் 20 நிமிடம் போதும் என்றார்கள். விரிஞ்சிபுரத்தில் உலை கொதிக்கும் நேரம் போதும்!